குற்றவியல் படித்தாயிற்று: காக்கியா, கறுப்புக் கோட்டா, ஆய்வுக்கூடமா?

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி சென்ற வாரம் தன் கைபேசியை என் முன்னே நீட்டினாள். ஏதோ ஒரு துறையின் வேலை அறிவிப்பு. கல்வித் தகுதி என்ற கட்டத்தில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று நான்கு பாடங்கள் வரிசையாக நின்றன. "சார், எங்கள் பாடத்தின் பெயரே இல்லையே?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கல்யாணப் பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிப் போய்விட்டவரைப் பார்க்கிற பார்வை அது.

தமிழ்நாட்டில் குற்றவியலில் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற ஒவ்வொருவரும் ஒருநாள் அந்தக் கட்டத்தின் முன்னால் வந்து நிற்கிறார்கள். சேரும்போது வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சொல்லப்படுவது, "போலீஸ் வேலைக்கு நேரடிப் படிப்பு" என்பது. அப்படி ஒரு நேரடி வழி கிடையாது. இந்தப் பட்டம் வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். இதையே பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனால் இந்தப் பட்டத்தோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது எது என்பதை வேலை அறிவிப்பிலிருந்து பின்னோக்கிப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிட நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். படித்த பாடம் அங்கே உதவுமா? எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்? கிடைக்காமல் போனால் கையில் என்ன மிஞ்சும்? மாணவர்கள் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறார்கள், பெற்றோர்கள் இரண்டாவதை மட்டும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

காக்கி

வகுப்பில் பாதிப் பேர் இதற்காகத்தான் வந்து சேர்கிறார்கள் என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.ஐ. தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பொதுப் பிரிவுக்கு வயது 20 முதல் 30 வரை; பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 32 வரை; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 வரை. சம்பள விகிதம் 36,900 முதல் 1,16,600 ரூபாய். இளங்கலை முடித்த கையோடு இந்தச் சம்பளம் தரும் வேலைகள் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நேரடியாக எழுதுகிற பட்டதாரிகளுக்கான எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தேர்வு, பொது அறிவு, உளவியலும் கணக்கும் கலந்த ஒரு பகுதி ஆகியவை இருக்கின்றன. மூன்று ஆண்டு உருண்டு புரண்டு படித்த தண்டனைச் சட்டம், நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் எதற்கும் அங்கே தனிப் பகுதி கிடையாது. அவை ஏற்கெனவே காவலராக இருந்துகொண்டு துறை ஒதுக்கீட்டில் எழுதுகிறவர்களுக்கு. ஆக, குற்றவியல் மாணவனும் இயற்பியல் மாணவியும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். கணக்கில் இயற்பியல் மாணவி ஓர் அடி முன்னால் நிற்கிறாள் என்றே சொல்லலாம். படித்த சட்டமெல்லாம் தேர்வில் வென்று பயிற்சிக்குப் போன பிறகுதான் கைகொடுக்கும்.

அடுத்தது உடல் அளவு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, 157. ஐ.பி.எஸ். பணிக்கோ ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 150 செ.மீ. போதும். அதாவது 168 செ.மீ. உயரமுள்ள பொதுப் பிரிவு மாணவன் எஸ்.ஐ. ஆக முடியாது, அந்த எஸ்.ஐ. சல்யூட் அடிக்கிற எஸ்.பி. ஆகலாம். என்னிடம் படித்த ஒருவன் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு அளவெடுக்கப் போனான். குதிகாலைச் சேர்த்து நிறுத்தி, பலகையை உச்சந்தலையில் இறக்கினார்கள். அரை சென்டிமீட்டர் குறைந்தது. அந்த அரை சென்டிமீட்டரைத் தெரிந்துகொள்ள அவன் ஒரு வருடப் பயிற்சி மையக் கட்டணத்தைச் செலவழித்திருந்தான். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சுவரும் அளவு நாடாவும் போதுமே என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அளப்பதென்றால் மாலையில் அளந்து பாருங்கள். பகல் முழுக்க நடமாடியதில் முதுகுத்தண்டு சற்று அமுங்கி, காலையில் இருந்ததைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கும். மாலையிலும் 170 வந்தால் கவலை இல்லை.

அதன் பிறகு ஆண்களுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும்; கயிறு ஏற வேண்டும். இவை பழகினால் வருபவை. பழக முடியாதது காத்திருப்புதான். எஸ்.ஐ. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. 2023-க்குப் பிறகு அடுத்தது 2025-ல்தான் வந்தது. நடுவில் இருக்கிற காலத்தை "படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லியே கடத்திய இளைஞர்கள் எல்லா ஊரின் நூலகத்திலும் இருக்கிறார்கள்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வில் டி.எஸ்.பி. பதவி இருக்கிறது; இது எல்லோருக்கும் தெரியும். குரூப் 2 தேர்வின் பதவிப் பட்டியலில், சிறைக்கு அனுப்பாமல் விடுவிக்கப்பட்டவர்களைக் கண்காணிக்கிற நன்னடத்தை அலுவலரும், காவல்துறையின் தனிப்பிரிவு உதவியாளரும் இருப்பது பலருக்குத் தெரியாது. சார்பதிவாளரையும் வனவரையும் பார்த்துக்கொண்டே கண் அந்த வரிகளைத் தாண்டிவிடுகிறது. குற்றவியல் மாணவர்கள் பென்சிலால் வட்டமிட வேண்டியவை அந்த இரண்டு வரிகளே.

யுபிஎஸ்சி எழுத நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியல் இல்லை. அதனால் மனம் தளர வேண்டாம். சமூகவியல் விருப்பப் பாடத்தில், குற்றத்தைச் சமூகத்தை வைத்து விளக்கிய அறிஞர்களான துர்க்கைம் இருக்கிறார், மெர்ட்டன் இருக்கிறார். மெர்ட்டனுக்கு நேரே பாடத்திட்டத்திலேயே "ஒத்துப்போதலும் பிறழ்வும்" என்று போட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் குற்றக் கோட்பாடுகள் தாளில் நீங்கள் ஏற்கெனவே அழுதுகொண்டே படித்த பகுதி அது. சட்டம், உளவியல், மானிடவியல் ஆகியவையும் பட்டியலில் உண்டு; இருந்தாலும் நம் மாணவர்களுக்குச் சமூகவியல்தான் குறைந்த தூரம்.

இந்த வழியை என் மூன்றாவது கேள்வியில் வைத்துப் பார்த்தால் விடை கசப்பானது. நான்கு ஆண்டு தேர்வுக்குத் தயாராகிக் கிடைக்காமல் போனால் கையில் மிஞ்சுவது நடப்பு நிகழ்வுகள் மட்டும், அவையும் பழசாகியிருக்கும். அதனால் காக்கியை வேறொன்றோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். தனியாக அதை மட்டுமே நம்பி உட்காருவதானால் இரண்டு முயற்சிகள், அதற்கு மேல் வேண்டாம்.

கறுப்புக் கோட்

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது மூன்றாண்டு எல்.எல்.பி. அரசு சட்டக் கல்லூரிகளில் இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. பொதுவாக 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் குறைந்தபட்சத் தகுதி. உண்மையில் இடம் கிடைக்க அதைவிட நிறைய வேண்டும் என்பதால், முதலாம் ஆண்டிலேயே மதிப்பெண்ணைக் கவனிக்கத் தொடங்குவது நல்லது. "அரியர் இல்லாமல் முடித்தால் போதும்" என்று மூன்று ஆண்டைக் கழித்தவர்கள் இங்கே வந்து கையைப் பிசைகிறார்கள்.

படித்த பாடம் உதவுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவாக ஆம் என்று பதில் வருகிற இடம் இதுதான். சட்டக் கல்லூரிக்கு வணிகவியலிலிருந்து வருகிறவர் முதல் தகவல் அறிக்கையை முதன்முறையாக இரண்டாம் ஆண்டில் பார்ப்பார். நீங்கள் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழைப் பார்த்திருப்பீர்கள். வெட்டுக்காயத்துக்கும் கிழிந்த காயத்துக்கும் வேறுபாடு தெரியும். காவல் அதிகாரியிடம் சாட்சி சொன்னதற்கும் நீதிமன்றத்தில் கூண்டில் ஏறிச் சொன்னதற்கும் என்ன எடை என்று தெரியும். குற்ற வழக்கில் குறுக்கு விசாரணை என்பது பெரும்பாலும் இந்த இரண்டு வாக்குமூலங்களுக்கு நடுவே இருக்கிற இடுக்கில் நடக்கிற வேலை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கு 302 என்று சினிமா பார்க்கிற குழந்தைகூடச் சொல்லும். இப்போது அது 103. ஏமாற்றுகிறவனை "நானூற்று இருபது" என்று திட்டுவோமே, அந்த 420-உம் 318-க்குள் போய்விட்டது. திட்டு மட்டும் பழைய எண்ணிலேயே இருக்கிறது. அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ வாங்கிய பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். நீதிமன்றங்களில் அந்த வழக்குகள் இன்னும் ஆண்டுக் கணக்கில் ஓடும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஓர் அட்டவணையை உங்கள் கையாலேயே போடுங்கள். அச்சடித்து விற்கிற அட்டவணை மனத்தில் நிற்காது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கி, பதிவு செய்து, அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு எழுதி, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் முதல் சில ஆண்டுகள் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆண்டுகள். வருமானம் பஸ் கட்டணத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். பின்னால் குடும்பம் தாங்குமா என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும். முன்பு சட்டம் முடித்தவுடனேயே சிவில் நீதிபதி தேர்வு எழுதலாம் என்றிருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு வழக்கறிஞர் பணியை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி கேட்பது குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு அனுபவம். கூட்டிப் பாருங்கள்: இளங்கலைக்குப் பிறகு எட்டு ஆண்டு. இருபத்தொரு வயதில் கேட்டால் இது ஒரு யுகம் போலத் தெரியும்.

ஆனால் கிடைக்காமல் போனால் என்ன மிஞ்சும்? வழக்கறிஞர் என்ற தொழில் மிஞ்சும். அதோடு அந்த மூன்று ஆண்டுகளில் எஸ்.ஐ. தேர்வையும் குரூப் 2-ஐயும் எழுதத் தடையில்லை. மாணவி காட்டிய அறிவிப்பில் "சட்டம்" என்ற சொல் இருந்ததே, அது இன்னும் எத்தனையோ அறிவிப்புகளில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவர்கள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருவார்கள். ஏழு ஆண்டு குழந்தைகள் நலப் பணியில் இருந்தவர்களோ, குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் இவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர்களோ அதில் அமரலாம். குற்றவியல் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை! சிறுவர் குற்றம் என்று ஒரு முழுத் தாளே படித்தவருக்கு இடமில்லை, சொத்து வழக்குப் பார்க்கிற வழக்கறிஞருக்கு இடம் உண்டு. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் ரத்தம் கொதிக்கும்.

ஆய்வுக்கூடம்

தடய அறிவியலைப் பற்றி வருகிற கேள்விகள்தாம் அதிகம். என் பதில் மிகச் சுருக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்து, இளங்கலையில் வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ படிக்காதவர்களுக்கு ஆய்வுக்கூடத்தின் வெள்ளைக் கோட் கிடைப்பது அரிது. ஆய்வக அறிவியல் அலுவலர் பதவிகளுக்கு அந்தந்த அறிவியல் பாடத்தில் முதுகலைதான் அடிப்படை. பி.ஏ. குற்றவியலில் "தடய அறிவியல்" என்று ஒரு தாள் படித்ததை வைத்துக்கொண்டு விண்ணப்பித்து ஏமாற வேண்டாம். பி.எஸ்சி. என்று பெயர் இருந்தாலும் உள்ளே எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் இந்தத் துறைக்கு நம் ஊரில் நீண்ட வேர் உண்டு. விஷம் வைத்துக் கொன்ற வழக்குகளில் உள்ளுறுப்புகளைச் சோதிக்க 1849-லேயே சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டுவிட்டது. நாட்டில் அதுதான் முதல். இப்போது வேலை பெருகப் போகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. அத்தனை இடங்களுக்கும் போக ஆட்கள் வேண்டும். அறிவியல் பின்னணி உள்ளவர்கள் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, இப்போது பல மாநிலங்களில் வளாகங்கள் வைத்திருக்கிறது.

கலைப் பிரிவு மாணவர்கள் நுழையக்கூடிய ஓர் இடுக்கு மட்டும் இங்கே உண்டு: மின்னணுச் சாட்சியம். அதே நாளில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி கைபேசிப் பதிவையோ கண்காணிப்புக் கேமரா காட்சியையோ தாக்கல் செய்யும்போது இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பில் எதுவும் மாற்றப்படவில்லை என்று காட்டுகிற கைரேகை போன்ற எண்ணை, குறிக்க வேண்டும். இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். இதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர்களை வழக்கறிஞர் அலுவலகங்களும் தனியார் நிறுவனங்களும் தேடிக்கொண்டிருக்கின்றன. கணினி மேல் பயமில்லாதவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணையத் தடய அறிவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது, சேரும் தகுதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்னடத்தையும் சிறையும்

படித்தது முழுவதும் பயன்படுகிற வேலை எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் காட்டுவேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், குழந்தைகள் இல்லங்கள் ஆகியவற்றில் வருகிற பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில். ஆண்டுதோறும் நீட்டிப்பு ஆணை வருமா என்று மார்ச் மாதத்தில் முகம் வாடுகிறவர்களை எனக்குத் தெரியும். அதே மனிதர்கள் ஏப்ரலில் தங்கள் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை.

என்ன வேலை அது? ஒரு சிறுவன் திருட்டு வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவரப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. வீட்டில் யார் யார், அவர்களுக்குள் உறவு எப்படி, எந்த வகுப்போடு படிப்பு நின்றது, ஏன் நின்றது, என்ன வேலைக்குப் போனான், கூலியை யாரிடம் கொடுத்தான், நண்பர்கள் எத்தகையவர்கள், அக்கம்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்று வரிசையாகப் போகும். காவல் நிலையத்தின் அறிக்கை அவன் என்ன செய்தான் என்று இரண்டு பக்கத்தில் சொல்லி முடித்துவிடும். இந்தப் படிவம் அவன் யார் என்று கேட்கிறது. அலுவலர் அவன் தெருவுக்குப் போய், அவன் அம்மா வேலையிலிருந்து திரும்பும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்து, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் எது பகை, எது உண்மை என்று பிரித்து எழுத வேண்டும். குற்றக் காரணிகள் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்த அத்தனையும் அந்தத் திண்ணையில் உயிரோடு வந்து உட்காரும்.

பெரியவர்களுக்கும் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவிக்கிற சட்டம். நான் முன்பு சொன்ன குரூப் 2 நன்னடத்தை அலுவலர் பதவி இந்தப் பக்கத்து நிரந்தர வேலை. ஒப்பந்தப் பணியில் இருந்துகொண்டே அதற்கு எழுதுகிறவர்கள் உண்டு. புத்திசாலித்தனமான சேர்க்கை என்று நினைக்கிறேன்.

சிறைத்துறையை நம் மாணவர்கள் ஒதுக்குகிறார்கள். அதற்குக் கல்விச் சுற்றுலாவில் பார்த்த மதிற்சுவர்தான் காரணமாக இருக்க வேண்டும். 1979-லிருந்து வேலூரில் சிறை நிர்வாகத்துக்கென்றே ஒரு கழகம் இருக்கிறது. தென்மாநிலச் சிறை அதிகாரிகள் பயிற்சிக்கு வருகிற இடம். பக்கத்திலேயே இருந்தும் எட்டிப் பார்க்காதவர்கள் பலர். 2022 கணக்குப்படி நாட்டின் சிறைவாசிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பு வராதவர்கள். அந்த ஒரு தகவலை வைத்தே ஒருவர் வாழ்நாள் முழுக்க வேலை செய்யலாம்.

சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தால் இந்தப் பக்கம் வரும் அறிவிப்புகளில் பெயர் சொல்லிக் கேட்கும் தகுதி கிடைத்துவிடும். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் குற்றவியலும் நீதியும் சேர்ந்த சமூகப்பணி முதுகலை இதற்கென்றே அமைந்தது. அந்த நிறுவனத்தின் களத்திட்டமான பிரயாஸ் 1990-லிருந்து காவல் நிலையம், சிறை, நீதிமன்றம் எல்லாவற்றிலும் வேலை செய்துவருகிறது.

எம்.ஏ., பிறகு ஆராய்ச்சி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடம். ஆக, ஆசிரியராக வருகிற பாதை கட்டிமுடிக்கப்பட்ட பாதை. ஆனால் போய்ச் சேருகிற ஊரில் வீடுகள் குறைவு. குற்றவியல் துறை வைத்திருக்கிற கல்லூரிகளே கைவிட்டு எண்ணக்கூடியவை. நெட் தேறியும் கௌரவ விரிவுரையாளராகவே ஆண்டுகள் ஓடிவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. வேலை கிடைக்கவில்லை என்பதற்காக எம்.ஏ. சேருவது இரண்டு ஆண்டு விடுப்பு எடுப்பதற்குச் சமம். ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் மட்டும் சேருங்கள்.

அப்படி ஒரு கேள்வி இருக்கிறதா என்று இளங்கலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானதை மட்டுமே எண்ணுவார்கள். வீடு புகுந்து கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் கணக்கில் கொலை மட்டும் ஏறும். கொள்ளை எங்கே போயிற்று? இதை நோண்டப் பிடித்திருந்தால் நீங்கள் ஆராய்ச்சிக்காரர். கொட்டாவி வந்தால் தெரிந்துகொண்டது லாபம்.

தனியார் பக்கம்

இங்கே யாரும் குற்றவியல் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் செய்யச் சொல்வது குற்றவியல்தான். 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டப்படி வங்கிகள் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்து அறிக்கை அனுப்பியாக வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே பின்னணி அலுவலகங்கள் இயங்குகின்றன. ஒரே நாளில் பதினான்கு பேர் ஒரு மாணவனின் கணக்குக்குப் பணம் அனுப்பி, அது அன்றைக்கே வேறு ஊர் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டால், அந்தக் கதையை ஒரு பக்கத்தில் தெளிவான ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும். வேலையே அதுதான். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், இரவு முறை இருக்கும், திரையைப் பார்த்துக் கண் காந்தும். இரண்டு ஆண்டு அனுபவம் சேர்ந்த பிறகு மோசடி ஆய்வாளர் சான்றிதழுக்கு முயலலாம். வீட்டில் உடனடியாகப் பணம் வேண்டும் என்கிற மாணவர்களை நான் கூச்சமில்லாமல் இங்கே அனுப்புகிறேன்.

அப்படியானால் எது?

குடும்பம் ஐந்தாறு ஆண்டு தாங்கும், நாலு பேர் முன் பேசத் தயக்கமில்லை என்றால் சட்டம். கூடவே காக்கித் தேர்வுகள். உடலும் உயரமும் ஒத்துவந்து, உட்கார்ந்து படிக்கிற பொறுமையும் இருந்தால் எஸ்.ஐ., ஆனால் கெடு வைத்துக்கொண்டு. மனிதர்களின் கதையைக் கேட்கக் காது இருந்தால் எம்.எஸ்.டபிள்யூ.வும் குரூப் 2-உம். கையில் காசு இல்லை என்றால் முதலில் தனியார், மற்றதெல்லாம் பிறகு. வேதியியல் படித்திருந்தால் மட்டும் ஆய்வுக்கூடம்.

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் படிக்கும்போதே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர முயன்று பாருங்கள். பயிற்சி கொடுத்து, நீதிமன்றத்துக்கும் கிராமங்களுக்கும் அனுப்புவார்கள். ஆறு மாதம் அங்கே அலைந்தால் கறுப்புக் கோட் பிடிக்கிறதா, காக்கி பிடிக்கிறதா, இரண்டுக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதர் பிடிக்கிறாரா என்று காலே சொல்லிவிடும்.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குரூப் 2 பதவிப் பட்டியலை எடுத்து நன்னடத்தை அலுவலர் என்ற வரியைக் காட்டினேன். தலையாட்டினாள். "அந்தச் சமூக விசாரணைப் படிவம் எங்கே கிடைக்கும் சார்?" என்று கேட்டாள். இளைஞர் நீதி மாதிரி விதிகளின் பின்னிணைப்பில் ஆறாவது படிவம் என்றேன். அங்கேயே தரவிறக்கி, தன் தெருவில் படிப்பை நிறுத்திவிட்டு மெக்கானிக் கடைக்குப் போகிற ஒரு பையனை மனத்தில் வைத்து, பெயர் போடாமல் நிரப்பிப் பார்த்தாள். பாதிப் பக்கம் வேகமாகப் போன பேனா ஓரிடத்தில் நின்றது. பள்ளியை விட்டு நின்றதற்கான காரணம் என்ற இடம்.

"இதை அவனிடம் எப்படி சார் கேட்பது?"

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு அந்தப் படிவத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.